தேர்ச்சிக்கேற்ற மானியம்: இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் தர அளவையும் ஊரார் பொறுப்பும்

"பையன் எத்தனையாவது ஸ்டாண்டர்டு?" என்று நம் ஊர்களில் முதியோர் கேட்பதை இன்றும் செவியுறலாம். வகுப்பு என்ற பொருளில் நாம் இயல்பாக வழங்கும் இச்சொல், அது பிறந்த இங்கிலாந்தில் அப்பொருளில் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. அளவுகோல் என்பதே அதன் நேர்ப்பொருள். 1862ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு வெளியிட்ட ஒரு விதித்தொகுப்பு, ஏழைமக்களின் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் எட்டவேண்டிய ஆறு படிகளை வகுத்து, அவற்றிற்கு இப்பெயரை இட்டது. பிள்ளை ஒரு பாடத்தில் தேறினால் பள்ளிக்கு இவ்வளவு, தவறினால் இவ்வளவு குறைவு என்று விலையும் குறித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை ஆட்டிவைத்த அம்முறை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. முறை போயிற்று, சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

பள்ளியின் தரத்தை யார் வரையறுப்பது, அதன் அன்றாட முடிவுகளை யார் எடுப்பது, தலைநகரத்து அலுவலகமா, ஊர்க் குழுவா, வகுப்பில் நிற்கும் ஆசிரியரா என்பது எந்நாட்டிலும் ஓயாத வினா. இங்கிலாந்தின் அனுபவத்தை நான் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அவ்வரலாற்றில் குருமார் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை என்பதே. பள்ளியை நடத்தியவர் பெரும்பாலும் அவ்வூர்க் குருவானவர். நெடுங்காலம் அதனை ஆய்வு செய்ய வந்தவரும் ஒரு குருவானவரே. நம் வாசகருள் பலர் சபைப் பள்ளியின் தாளாளர் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவர்கள். மானியம் குறைவதென்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டாம்பிள்ளையிலிருந்து ஆய்வாளர் வரை

கதையின் தொடக்கத்திலேயே சென்னைக்கு ஓர் இடமுண்டு. எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை 1789 முதல் 1796 வரை மேற்பார்த்த ஆந்திரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுத்தெழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதையும் கண்டு, அதனைத் தம் காப்பகத்தில் கையாண்டார். நாடு திரும்பி 1797இல் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளை முறைதான் 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று. 1811இல் ஆங்கிலத் திருச்சபையார் நிறுவிய தேசியக் கழகம் பெல்லின் முறையைக் கைக்கொண்டது. குவேக்கரான ஜோசப் லங்காஸ்டரின் வழியைப் பின்பற்றிய பிரிட்டிஷ்–அயல்நாட்டுப் பள்ளிக் கழகத்தைத் தனிச்சபையார் ஆதரித்தனர். ஏழைப் பிள்ளைகளின் கல்வி இவ்விரு கழகங்களின் கையிலேயே பெரும்பாலும் இருந்தது.

1833இல் பாராளுமன்றம் முதன்முறையாக 20,000 பவுனை இவ்விரு கழகங்களுக்கும் பள்ளிக் கட்டடம் எழுப்ப வழங்கிற்று. பணம் போன இடத்துக்குக் கண்ணும் போகவேண்டும் அல்லவா? 1839இல் கல்விக்கென அரசவைக் குழு ஒன்று அமைந்தது; அதன் முதற் செயலர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். ஆய்வாளர்களும் நியமிக்கப்பட்டனர். திருச்சபைப் பள்ளிகளின் ஆய்வாளருக்குப் பேராயரின் இசைவு வேண்டும் என்று 1840இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1846இல் கே-ஷட்டில்வொர்த் வகுத்த திட்டத்தின்படி, பதின்மூன்று வயது நிரம்பிய நல்ல மாணாக்கர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் தொழில் பயிலும் ஆசிரியராக அமர்ந்தனர். தேறியவர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றனர். சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசு நேரடியாகவே ஊதியத்தில் ஒரு பகுதியை அளித்தது. ஊர்க் குருவானவரின் தயவில் காலந்தள்ளிய ஆசிரியருக்கு இது நிமிர்ந்து நிற்க ஒரு கோல் ஆயிற்று எனலாம்.

செலவு ஆண்டுதோறும் ஏறியது. கிரிமியப் போரின் சுமையும் சேர்ந்தது. 1858இல் நியூகாசில் கோமகன் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உறுதியானதும் மலிவானதுமான தொடக்கக் கல்வியை எல்லா மக்களுக்கும் பரப்பும் வழியை ஆராய்வதே அதற்கிட்ட பணி. 'மலிவானது' என்ற சொல்லை வாசகர் கவனிக்க.

ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு ஷில்லிங்

1861இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை கூறிய குறை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆசிரியர்கள் மேல்வகுப்பிலுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளிடமே கருத்தூன்றுகின்றனர். பத்து வயதில் பள்ளியை விட்டுக் கழனிக்கும் ஆலைக்கும் போகிற பெருந்திரளான பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் செம்மையாகக் கல்லாமலே போகின்றனர் என்பது அக்குறை. ஆய்வாளர் பலர் இதனை மறுத்தனர். ஆயினும் வகுப்பின் முன்வரிசையைக் கேள்வி கேட்டுப் பின்வரிசையைத் தலையெண்ணிக்கையாக மட்டும் கொள்ளும் பழக்கம் ஆசிரியர் தொழிலுக்கு எந்நாட்டிலும் அந்நியமானதன்று.

அறிக்கை இதற்குச் சொன்ன மருந்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே தேர்வு செய்து அதன் பலனுக்கேற்ப மானியம் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. அத்தேர்வையும் அம்மானியத்தின் பெரும்பகுதியையும் மாவட்டந்தோறும் அமையும் கல்விக் குழுக்களின் பொறுப்பில் விட்டு, தலவரியிலிருந்து பணம் கொடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. அதாவது அளவுகோலும் ஊராட்சியும் ஒரே பரிந்துரையின் இரு பாதிகளாக முன்வைக்கப்பட்டன.

அப்போது கல்விக்குப் பொறுப்பான துணைத்தலைவராயிருந்த ராபர்ட் லோ முதற் பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதியைக் கைவிட்டார். தலவரிப் பணம் எந்தச் சபையின் பள்ளிக்குப் போவது என்ற சச்சரவில் இறங்க அரசுக்குத் துணிவில்லை. எனவே இலண்டன் அலுவலகமே நாட்டிலுள்ள ஒவ்வோர் ஏழைப் பிள்ளையின் வாசிப்பையும் அளக்கும் நிலை வந்தது. லோ தம் திட்டத்தைப் பொதுமக்கள் சபையில் விளக்கியபோது, அது மலிவாக இராவிட்டால் பயனுடையதாயிருக்கும், பயனற்றதானால் மலிவாகவேனும் இருக்கும் என்ற கருத்துப்படப் பேசினார். வாணிகத்தில் தடையற்ற போட்டியை நம்பிய தலைமுறைக்கு இப்பேச்சு இனித்தது.

1861இல் வெளியிட்ட முதல் வடிவில் பிள்ளைகளை வயதின்படி பிரித்துத் தேர்வு வைக்க எண்ணியிருந்தார். கூக்குரல் எழுந்தபின் வயதை விடுத்து ஆறு படிகளாக்கினார். 1862இன் திருத்திய விதித்தொகுப்பில் கண்ட கணக்கு இது: சராசரி வருகையில் தலைக்கு 4 ஷில்லிங். இருநூறு வேளைக்குமேல் வந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேர்வின்றி 6 ஷில்லிங் 6 பென்ஸ். முதற்படியில் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசிக்கவும், சொல்லக்கேட்டு எழுத்துக்களையும் இருபது வரை எண்களையும் பலகையில் எழுதவும் வேண்டும். ஆறாம் படியில் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்கவும், மற்றொன்றைச் சொல்லக்கேட்டு எழுதவும், கடைச்சரக்குப் பட்டியலைக் கணக்கிடவும் வேண்டும்.

இந்த ஆறாம் படியைப் படிக்கும்போது ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. நியூகாசில் குழுவின் துணை விசாரணையாளராகச் சென்ற ஜேம்ஸ் ஃபிரேசர் என்னும் குருவானவர், உழவன் மகனைப் பத்து, பதினொரு வயதுக்குமேல் பள்ளியில் நிறுத்துவது இயலாது, விரும்பத்தக்கதுமன்று என்று எழுதினார். செய்தித்தாளின் சிறுபகுதியை வாசிப்பது, தாய்க்குப் புரியும்படி கடிதம் எழுதுவது, கடைக்காரன் பட்டியல் சரியா என்று பார்ப்பது, இவை போதும் என்பது அவர் கணிப்பு. இவர் கன்னெஞ்சர் அல்லர்; பின்னாளில் மான்செஸ்டரின் பேராயராகித் தொழிலாளரிடையே நற்பெயர் எடுத்தவர். எனினும் ஏழைக்கு எவ்வளவு போதும் என்று ஏழையல்லாதவர் நல்லெண்ணத்தோடு கோடு கிழித்த இடம் இதுதான். அளவுகோல் என்பது கீழெல்லையாக எழுதப்பட்டு மேலெல்லையாக மாறிவிடும் இயல்புடையது. விதித்தொகுப்பு மூன்று பாடங்களுக்கே விலை வைத்தது. விலையில்லாத பாடங்கள் பள்ளியைவிட்டு மெல்ல நழுவின. நிலநூலும் வரலாறும் நழுவின. மறைக்கல்வியும் தளர்ந்தது என்று குருமாரான ஆய்வாளர்களே முறையிட்டனர். தேவையற்றதென்று அதை எவரும் தள்ளவில்லை. அதற்கு மானியமில்லை, அவ்வளவே.

ஆய்வு நாள்

புதிய விதியின்கீழ் மானியம் ஆசிரியருக்கு நேரே வரவில்லை. பள்ளி நிர்வாகிகளின் கைக்கு வந்தது. எனவே ஊதியத்தை ஆசிரியர் ஊர்க் குருவானவரிடமே பேசிக்கொள்ள வேண்டும். பல நிர்வாகிகள் மானியத்தில் ஒரு பங்கே உன் ஊதியம் என்று எழுதி வைத்துக்கொண்டனர். மந்தமான ஒரு பிள்ளை கணக்கில் தவறினால் ஆசிரியர் வீட்டு அடுப்பில் அது தெரியும். தட்டம்மையும் இருமலும் கொண்ட பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து ஆய்வாளர்முன் நிறுத்திய செய்திகள் அக்காலப் பதிவுகளில் உண்டு. வாசிப்புப் புத்தகம் மாதக்கணக்காக மனப்பாடம் செய்யப்பட்டது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையின்றி 'வாசித்த' பிள்ளைகளின் கதைகள் வழங்கின. ஆய்வு நாளுக்குமுன் சுவருக்கு வெள்ளையடிப்பது நம் பள்ளிகளுக்கும் புதிதன்று. ஆனால் அங்கே வெள்ளையடிக்கப்பட்டது பிள்ளையின் மனம்.

அரசு நோக்கிய ஒரு பலன் விரைவில் கிட்டியது. 1860களின் தொடக்கத்தில் எட்டு இலட்சம் பவுனுக்கு மேலிருந்த கல்வி மானியம் 1865இல் ஆறரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. தொழில் பயிலும் ஆசிரியரின் தொகையும் இறங்கிற்று: 1861இல் முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஒருவர் இருந்தது போய், 1866இல் ஐம்பத்துநான்கு பிள்ளைகளுக்கு ஒருவரானார்.

இந்த ஒப்பீட்டைத் தம் ஆய்வறிக்கையில் எடுத்துக்காட்டியவர் மாத்யூ ஆர்னால்டு. ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் மகன், கவிஞர், 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளர். குருவானவர் அல்லராதலால், தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை தனிச்சபையாரின் பள்ளிகளே. 1862இல், தம்மை வேலைக்கு வைத்திருக்கும் துறையின் திட்டத்தைக் கண்டித்து ஒரு திங்களிதழில் பெயரிடாமல் கட்டுரை எழுதினார். கே-ஷட்டில்வொர்த்தும் வெளிப்படையாக எதிர்த்தார். ஆர்னால்டின் கருத்து, ஆய்வு என்பதே இம்முறையால் செத்துவிட்டது என்பதாகும். முன்பு ஆய்வாளர் வகுப்பை முழுமையாகப் பார்த்தார். ஆசிரியர் கற்பிக்கும் விதத்தையும், பிள்ளைகளின் முகத்தில் தெரியும் அறிவின் அசைவையும் எடைபோட்டார். தலைமையாசிரியரோடு அமர்ந்து பேசினார். இப்போது பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராய் அழைத்துக் கோடு கிழிக்கவே நாள் போதவில்லை. பிள்ளைகள் உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாமலே அத்தேர்வில் தேறச்செய்ய ஆசிரியரின் கைத்திறன் ஒன்றே போதும் என்று அவர் தம் அறிக்கைகளில் ஆண்டுதோறும் சளைக்காமல் எழுதினார்.

எல்லா ஆய்வாளரின் குரலும் இவ்விதம் அச்சேறவில்லை. துறையின் கொள்கைக்கு மாறான பகுதிகள் அறிக்கைகளிலிருந்து நீக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, பொதுமக்கள் சபை 1864இல் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றவே, லோ பதவி விலகினார். (பின்னர் விசாரணை நடந்து அத்தீர்மானம் திரும்பப்பெறப்பட்டது.) அவர் போனார், விதித்தொகுப்பு போகவில்லை.

ஆயினும் நடுநிலையோடு ஒன்று சொல்லவேண்டும். ஏழைப் பிள்ளை ஒருவனின் பெயரை அரசு அலுவலர் ஒருவர் வாய்திறந்து அழைத்து, "நீ வாசி" என்று கேட்டது இம்முறையால்தான் பொதுவழக்காயிற்று. பின்வரிசையில் மறைந்திருந்த பிள்ளைக்கு ஒரு விலை ஏற்பட்டது. அந்த விலை இழிவானது என்பது உண்மை. அதற்குமுன் அவனுக்கு விலையே இல்லை என்பதும் உண்மை. லோவைக் கண்டிக்கும் நூல்கள் முன்னதை விரிவாகவும் பின்னதைச் சுருக்கமாகவும் சொல்வது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

ஊரார் கையில்

நியூகாசில் குழு சொன்ன மற்றப் பாதி ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் வந்தது. 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தைக் கொணர்ந்த வில்லியம் ஃபார்ஸ்டர் ஆர்னால்டின் தமக்கையை மணந்தவர். சபைப் பள்ளிகள் போதாத இடங்களில் ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அமையும். அது தலவரியிலிருந்து பள்ளி நடத்தும். எந்தச் சபைக்கும் சிறப்பாயுரிய ஞானோபதேச வினாவிடை அங்கே கற்பிக்கப்படாது. வரி செலுத்தும் பெண்களுக்கும் வாக்குண்டு. பெண்கள் உறுப்பினராகவும் நிற்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமை வருமுன் அரைநூற்றாண்டுக்கால இடைவெளி இருந்ததை நினைத்தால் இதன் அருமை புலப்படும். இலண்டனின் முதல் வாரியத்துக்கு மருத்துவரான எலிசபெத் கேரட் 47,000க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றுத் தேர்வானார். அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியும் உறுப்பினரானார். திருமறையின் கொள்கைகளை ஏற்காத அவர், வாரியப் பள்ளிகளில் திருமறை வாசிக்கப்படவேண்டும் என்று வாதாடியது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி.

பெரிய நகரங்களின் வாரியங்கள் சாதித்தவை பல. ஷெஃபீல்டும் பிராட்ஃபோர்டும் தொடக்கப்பள்ளிக்கு மேற்பட்ட உயர்படிப் பள்ளிகளை நிறுவின. பிராட்ஃபோர்டு வாரியத்தில் 1894 முதல் பணியாற்றிய மார்கரெட் மக்மில்லன், அழுக்கும் நோயுமாய் வரும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே குளிப்பிடம் அமைக்கப் போராடி வென்றார். இலண்டன் அலுவலகம் வகுத்த ஆறு படிகளில் குளியல் என்று ஒரு பாடம் இல்லை. பிள்ளையின் உடம்பைக் கண்ணால் கண்டவர்க்கே அது தோன்றும்.

நாட்டுப்புறத்தில் கதை வேறு. ஒரு பங்குக்கு ஒரு வாரியம் என்று சிற்றூர்களில் அமைந்தவை பல. உறுப்பினர் பெரும்பாலும் நிலமுடைய குடியானவர். வரியைக் கட்டுபவரும் அவரே, அறுவடைக்குச் சிறுவர் வேண்டுமென்று கூப்பிடுபவரும் அவரே. வரி ஏறாமல் காப்பதற்காகவே வாரியத்தில் இடம்பிடித்தவர்கள் உண்டு. வருகையைக் கட்டாயமாக்கத் துணைவிதி செய்ய அவர்களுக்கு அதிகாரமிருந்தும் பலர் செய்யவில்லை. 1880இல் பாராளுமன்றமே அதை நாடெங்கும் கட்டாயமாக்க நேர்ந்தது. ஊராரிடம் விட்டால் ஊரின் அன்பும் வரும், ஊரின் கஞ்சத்தனமும் வரும். ஆர்னால்டு இதை நன்கறிந்தவர். 1859இல் நியூகாசில் குழுவுக்காகப் பிரான்சு, ஹாலந்து, சுவிட்சர்லாந்து நாடுகளின் பள்ளிகளைச் சுற்றிப்பார்த்து வந்த அவர், வலுவான அரசும் பொறுப்புள்ள நகரசபையும் இரண்டும் வேண்டும் என்ற கருத்துடையவர். மையத்தின் தேர்வை வெறுத்த காரணத்தால் அவரை ஊராட்சிக் கட்சியில் சேர்த்து எண்ணுவோர் அவர் நூல்களைப் பாதியே படித்தவர்கள்.

இடையில் ஆசிரியர்கள் வாய் திறந்தனர். 1870இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் உருவாயிற்று. தேர்ச்சிக்கேற்ற மானியத்தை ஒழிப்பது அதன் நீண்டநாள் கோரிக்கையாக இருந்தது. 1884இல் மருத்துவர் கிரைட்டன்-பிரவுன், இலண்டன் பள்ளிகளில் பிள்ளைகள்மீது சுமத்தப்படும் மிகுபளுவைப் பற்றி எழுதிய அறிக்கை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பசியோடு வரும் பிள்ளையையும் பலனுக்காகத் தேய்ப்பதைப் பொதுமக்கள் முதன்முறையாக நோயின் பெயரில் கேட்டனர். கிராஸ் பிரபு தலைமையில் 1886இல் அமைந்த விசாரணைக் குழு, இறுதியில் இம்முறையைத் தளர்த்தவேண்டும் என்றது. 1890இன் விதித்தொகுப்பு மூன்று பாடங்களுக்கான தனித்தனி மானியத்தை நீக்கிற்று. எஞ்சியவையும் அடுத்த ஏழாண்டுகளில் மறைந்தன.

சென்னையில்

இங்கே நம் மாகாணத்தைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. 1854ஆம் ஆண்டின் உட் என்பாரின் கல்விச் சுற்றோலை, தனியார் பள்ளிகளுக்குச் சமயச் சார்பின்றி உதவிமானியம் அளிக்கும் வழியைத் திறந்தது. 1860களில் லோவின் முறை சென்னைக்கும் வந்து, மிஷன் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகளும் 'பலன் மானியம்' பெறத் தொடங்கின. பனையோலையும் மணலும் வைத்துக்கொண்டு ஊராரின் நெல்லிலும் காசிலும் பிழைத்த திண்ணை வாத்தியார் அரசு வகுத்த படிகளுக்கேற்பப் பாடஞ்சொல்லப் பழகினார். சட்டாம்பிள்ளை முறையை எழும்பூரிலிருந்து கொண்டுபோனவர்கள் அதற்கு மாற்றாக ஸ்டாண்டர்டைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழுவில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் ஐயரும் உறுப்பினர். அக்குழு தொடக்கக் கல்வியை அப்போது உருவாகிவந்த தல ஸ்தாபனங்களின் பொறுப்பில் விடவேண்டும் என்றது. அதே அறிக்கை, தொடக்கப் பள்ளிகளுக்கான உதவியைப் பெரும்பாலும் தேர்வின் பலனைக் கொண்டே அளிக்கவேண்டும் என்றும் கூறிற்று. பின்தங்கிய பகுதிகளின் பள்ளிகளுக்குத் தனி விதிகள் செய்யலாம் என்று ஒரு விலக்கைச் சேர்த்தது. இவ்விலக்கு சிறிதெனினும் அதன் பொருள் பெரிது. பலனுக்கேற்பப் பணம் என்றால், முதலில் பணம் இழப்பது பலன் தருவது கடினமான பிள்ளைகளைக் கொண்ட பள்ளியே. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடையே ஒரு கூரைப்பள்ளியை நடத்திய மிஷன் ஆசிரியருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் வேர் அறுந்துகொண்டிருந்த முறை இந்தியாவில் தழைத்துக்கொண்டிருந்தது. 1904இல் கர்சன் அரசின் கல்விக்கொள்கைத் தீர்மானந்தான் அதனைக் கைவிடச் சொல்லிற்று.

வாரியங்களுக்குப் பின்

இங்கிலாந்தில் 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 2,500 பள்ளி வாரியங்களையும் ஒரே வீச்சில் ஒழித்து, கல்வியை மாவட்ட, நகர மன்றங்களிடம் ஒப்படைத்தது. சட்டத்தின் பின்னின்ற மூளை ராபர்ட் மோரண்ட் என்னும் அலுவலர். சிற்றூர் வாரியங்களின் கஞ்சத்தனத்துக்கு இது முடிவு கட்டிற்று. பெருநகர வாரியங்களின் துணிவுக்கும் முடிவு கட்டிற்று. சபைப் பள்ளிகளுக்குத் தலவரிப் பணம் கிடைத்தது. தனிச்சபையார் கொதித்தெழுந்தனர். பாப்டிஸ்டுப் போதகர் ஜான் கிளிஃபோர்டின் தலைமையில் பலர் அவ்வரியைக் கட்ட மறுத்தனர். வீட்டுப் பொருள்கள் ஏலம்போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். பள்ளியின் தரம் பற்றிய விவாதம் இந்தப் புழுதியில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. சமயச் சபைகள் கல்வியைப் பற்றிச் சண்டையிட்டபோதெல்லாம் வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி அரிதாகவே பேசின என்பது அவ்வரலாற்றைப் படிக்கும் எவர்க்கும் தோன்றும்.

அதே மோரண்டின் துறை 1905இல் ஆசிரியருக்கான கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. ஒவ்வோர் ஆசிரியரும் தாமே சிந்தித்துத் தம் வலிமைக்கும் தம் பள்ளிக்கும் ஏற்ற முறையைக் காணவேண்டும், அரசு விரும்பும் ஒருமைப்பாடு அது ஒன்றே என்னும் கருத்தை அதன் முன்னுரை அறிவித்தது. நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குமுன் ஓரசைச் சொற்களையும் இருபது வரை எண்களையும் விதித்த அதே அலுவலகத்தின் சொல் இது.

தொடக்கப்பள்ளிகளின் தலைமை ஆய்வாளராயிருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911இல் எழுதிய நூலில், பழைய முறை ஆசிரியரையும் பிள்ளையையும் எவ்வாறு இயந்திரமாக்கிற்று என்பதை உள்ளிருந்து கண்டவராய் விவரித்தார். பணவிதி ஒழிந்தபின்னும் அதில் பழகிய ஆசிரியரால் சுதந்திரத்தைக் கையாள முடியவில்லை; கட்டு அவிழ்ந்தபின்னும் செக்குமாடு வட்டத்திலேயே நடக்கிறது என்பது அவர் கண்ட நிலை. சஸெக்ஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளித் தலைவி நாடகத்தாலும் இயற்கைப் பயிற்சியாலும் பிள்ளைகளை மலரச்செய்ததைப் பெயர் மறைத்துப் போற்றினார்.

ஆனால் இதே ஹோம்ஸ், பதவியிலிருந்தபோது 1910இல் மோரண்டின் இசைவோடு ஒரு மறைசுற்றறிக்கை எழுதியிருந்தார். மாவட்ட மன்றங்கள் நியமித்த உள்ளூர் ஆய்வாளர்களுள், தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து உயர்ந்தவர்கள் பண்பாடும் நிறைகல்வியும் அற்றவர்கள், அவ்வேலைக்குத் தகாதவர்கள் என்பது அதன் சாரம். 1911இல் அது வெளியே கசிந்து பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஆசிரியர் சங்கம் கனன்றது. அவ்வாண்டு முடியுமுன் அமைச்சரும் மோரண்டும் கல்வித்துறையைவிட்டு வேறிடம் போயினர். ஆசிரியர் தாமே சிந்திக்கவேண்டும் என்று முன்னுரை எழுதிய துறைதான், அவ்வாசிரியர் நாற்காலியில் ஏறி மற்றோரை மதிப்பிடுவதைப் பொறுக்கவில்லை. சுதந்திரம் கொடுக்கலாம், தீர்ப்பிடும் உரிமையைக் கொடுக்கலாகாது என்ற இந்த நுண்ணிய வேறுபாடு, குருத்துவத்துக்கும் உபதேசியாருக்கும் இடையிலுள்ள உறவை அறிந்த நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

1926இல் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் விதித்தொகுப்பிலிருந்தே நீங்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் காற்று திரும்பிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுதுக்கும் ஒரே பாடத்திட்டத்தையும், ஏழு, பதினொன்று, பதினான்கு வயதுகளில் பொதுச்சோதனையையும் கொண்டுவந்தது. அதே சட்டம் பணச்செலவின் பொறுப்பை மாவட்டத்திடமிருந்து எடுத்து ஒவ்வொரு பள்ளியின் ஆளுகைக் குழுவிடம் கொடுத்தது. 1993இல் ஆசிரியர்கள் சோதனைகளைப் புறக்கணித்தனர். பதினான்கு வயதுச் சோதனை 2008இல் கைவிடப்பட்டது. பதினொரு வயதுச் சோதனை நிலைத்தது. இன்றும் இங்கிலாந்தின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஆங்கிலத் திருச்சபையின் பள்ளி. அவற்றுள் பலவற்றின் ஆளுகைக் குழுவில் ஊர்க் குருவானவர் பதவிவழி உறுப்பினராக அமர்கிறார். வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் எதிர்பார்த்த தரத்தை எட்டினர் என்ற தாள் ஆண்டுதோறும் அவர்முன் வைக்கப்படுகிறது.